பாய் சொன்ன கடல் படம்

"வீரசாமி! டிக்கட் வாங்கிடாதீங்க! நில்லுங்கய்யா!"

ஒரு கையில் தேத்தண்ணி வடிகட்டும் துணிப்பை, இன்னொரு கையில் தகரக் குவளை. இடுப்புத் துண்டு அவிழ்ந்து வால் போல் பின்னால் இழுபட, ஷம்சுதீன் பாய் தன் ஒட்டுக்கடையிலிருந்து தெருவில் குதித்து ஓடினார். குவளையில் இருந்தது வழியெல்லாம் சிந்தியது. எதிரே வந்த சைக்கிள்காரர் தொடையிலும் கொஞ்சம் சிந்தியது. அவர் மலாயில் ஏதோ கத்தினார். பாய் திரும்பிப் பார்க்கவில்லை.

பீடோங் படக்கொட்டகையின் டிக்கட் கூண்டு அருகே வீரசாமி நின்றிருந்தான். அவன் மனைவி ராக்காயி அவன் முழங்கையைப் பற்றியிருந்தாள்.

"வாங்கிட்டேனே பாய்."

"திருப்பிக் குடுங்க!"

"ஏன்? காலையில நீங்கதானே சொன்னீங்க? இந்த அம்மா படத்தைப் பாக்காம விட்டா மனுசப் பொறப்பே இல்லைன்னீங்களே!"

சொன்னார்தான். சொல்லி அனுப்பிவிட்டுப் பாலை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் பாய்க்குப் பகீரென்றது. இடைவேளைக்குப் பிறகு அந்தப் படத்தில் அம்மாவுக்குக் கண் அவிந்துவிடும். கடைசிவரை தட்டுத் தடவிக்கொண்டேதான் நடப்பாள்.

கண் போகப்போகிற மனிதனுக்குப் போயும் போயும் கண் போகிற படம்!

அதை வீரசாமியிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் உள்ளே மணி அடித்தது. "வா ராக்கா, ஆரம்பிச்சுருவாங்க" என்று வீரசாமி மனைவியோடு உள்ளே போய்விட்டான்.

அந்த வட்டாரத்தில் பாயைக் கேட்காமல் யாரும் படம் பார்ப்பதில்லை. மலாயாக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரடங்கு. பொழுது சாய்வதற்குள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரி ஆட்களைப் பீடோங்கில் இறக்கிவிடும், வெயில் தாழ்வதற்குள் ஏற்றிக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரே ஒரு பகல் ஆட்டம். அதை ஒரு மட்டமான படத்துக்குத் தாரை வார்க்க யாருக்கு மனம் வரும்? அதனால் லாரியிலிருந்து குதித்ததும் எல்லாரும் பாய் கடைக்குத்தான் வருவார்கள்.

"பாய், இன்னிக்கிப் படம் போலாமா?"

"தனியா வந்தியா, குடும்பத்தோடயா?"

"பொண்டாட்டி, மாமியா, கொழுந்தியா எல்லாம்தான்."

"அப்ப வேணாம்லா. இதுல மாமியாக்காரியைக் கெணத்துல தள்ளுறான். நீ சிரிச்சுத் தொலைச்சிருவே, அப்புறம் வீட்ல சோறு கெடைக்காது. அடுத்த வாரம் வா, குதிரைப் படம் வருது."

படத்தின் நிஜப் பெயர் அங்கே யாருக்கும் தேவையில்லை. பாய் வைத்ததுதான் பெயர். அம்மா படம். குதிரைப் படம். ரெண்டு பொண்டாட்டிப் படம். அழ வேண்டியவனுக்கு ஒன்று, சிரிக்க வேண்டியவனுக்கு ஒன்று, பெண் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒன்று என்று ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். வசனத்தை அப்படியே சொல்லிக் காட்டுவார். கதாநாயகி விசும்பினால் பாயும் விசும்புவார், தேத்தண்ணிக்கு உப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பாய் தன் ஆயுளில் ஒரு படத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

கப்பல் ஏறும்போது அத்தா ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். "மலாயாவுல படக்கொட்டகை இருக்காம். அதுக்குள்ள கால் வைக்கக் கூடாது." பாய் கால் வைக்கவில்லை. காதைப் பற்றி அத்தா எதுவும் சொல்லவில்லை. கொட்டகையின் சுவர் வெறும் பலகை. அந்தப் பலகையில் சாய்த்துத்தான் பாயின் ஒட்டுக்கடை. பலகைக்கு அந்தப் பக்கம் படம், இந்தப் பக்கம் அடுப்பு. வருடக்கணக்கில் ஒவ்வொரு ஆட்டத்தையும் பாய் காதாலேயே பார்த்து முடித்திருந்தார்.

இதனால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை, அன்று காலை வீரசாமி வந்து நிற்கும்வரை.

"பாய், ஒரு உதவி" என்றான் அவன். மனைவியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவரைத் தனியாக அடுப்பருகே அழைத்து வந்திருந்தான். "இவளுக்கு ஒரே தலைவலின்னு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்கு மாத்திரை குடுத்துட்டாங்க. போன எடத்துல எனக்கும் கண்ணுல லைட் அடிச்சுப் பாத்தாரு டாக்டர். நரம்பு பழுதாயிருச்சாம். மருந்து இல்லையாம். கொஞ்சம் கொஞ்சமா இருட்டிரும்னு சொல்லிட்டாரு."

பாய் கையிலிருந்த குவளை சாய்ந்தது.

"யா அல்லா!"

"அழாதீங்க பாய், அவ பாக்குறா. கண்ணு இருக்கறப்பவே நல்லதா நாலு படம் பாத்துக்கறேன். அவளையும் கூட்டிட்டுத்தான் போவேன், தனியா உக்கார எனக்குப் பிடிக்காது. பாக்க வேண்டிய படம் எதுன்னு நீங்கதான் சொல்லணும். கேக்க வேண்டிய படம் இல்ல பாய். பாக்க வேண்டிய படம்."

கேட்க வேண்டிய படம் என்றால் நூறு சொல்வார். பார்க்க வேண்டிய படத்துக்கு எங்கே போவார்? ஆனால் கண் போகப்போகிற ஒருவனிடம், நான் எதையும் பார்த்ததே இல்லை என்று எப்படிச் சொல்வது? "நான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

அந்த லட்சணத்தில்தான் முதல் படமே இப்படி. பாய் இடைவேளை வரை கொட்டகை வாசலில் நின்று கையைப் பிசைந்தார். அவனை அந்தக் காட்சிக்கு முன்னால் வெளியே இழுத்தாக வேண்டும். வேறு வழியில்லை.

"பாய்! நீங்களா! உள்ளேயா!" வாசலில் டிக்கட் கிழிக்கும் ராமையா வாயைப் பிளந்தான்.

"அவசரம்டா."

"டிக்கட்டு?"

"ஒரு வாரத்துக்குத் தேத்தண்ணி."

உள்ளே போனதும் பாய் வீரசாமிக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் ஏறி, இரண்டு காலையும் மேலே மடக்கி வைத்துக்கொண்டார். கால் தரையில் படவில்லை. அத்தாவுக்குச் செய்த சத்தியம் முக்கால்வாசி பிழைத்தது.

திரையைப் பார்த்தார். தலை சுற்றியது. இத்தனை நாளாக அவர் காதில் நரைத்த தலையோடு உருகிய அம்மா, திரையில் மகனைவிட இளையவளாக இருந்தாள். யார் மகன், யார் வில்லன், யார் வக்கீல் என்று ஒன்றும் பிடிபடவில்லை. படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்றே தெரியவில்லை. சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். உடனே எல்லாம் தெளிவாகிவிட்டது. தாலாட்டு முடிந்துவிட்டது. அடுத்து இடி இடிக்கும். பிறகு பாத்திரம் உருளும். பாத்திரம் உருண்டால் கண் போய்விட்டது என்று அர்த்தம்.

"பாய், காசு குடுத்து வந்து தூங்குறீங்களா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

இடி இடித்தது. பாய் வீரசாமியின் காதில் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தார். பதற்றத்தில் அது கூப்பாடாக வந்துவிட்டது.

"வீரசாமி! தோட்டத்து லாரி கெளம்பிருச்சு!"

கொட்டகையில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். லாரியை விட்டால் நடை. நடந்தால் ஊரடங்கு. ஊரடங்கில் அகப்பட்டால் போலீஸ்கார மாத்தா பிடித்துக்கொண்டு போவான். அடுத்த நொடி கொட்டகை கவிழ்ந்த மாதிரி இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், செருப்பை விட்டவர்கள், வேறொருத்தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன். தங்களுக்கு லாரியே இல்லாத டவுன்காரர்களும் என்னவோ ஏதோவென்று கூடவே ஓடினார்கள்.

லாரி அங்கேயே நின்றிருந்தது. டிரைவர் அதன் அடியில் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கொட்டகை முதலாளியான தவுக்கே தலையில் அடித்துக்கொண்டான். படத்தின் முடிவைப் பார்க்காத அத்தனை பேரும் பாய் கடையை முற்றுகையிட்டார்கள். "முடிவு என்ன, சொல்லுங்க! தேத்தண்ணியும் போடுங்க, ஓசியில!"

வீரசாமியும் எதிரில் நின்றான். அவன் முன்னால் கண் போன கதையை எப்படிச் சொல்வது? பாய் அந்த இடத்திலேயே ஒரு முடிவைக் கட்டினார். அம்மாவுக்கு லாட்டரி விழுந்து, மகன் வக்கீலாகி, எல்லாரும் பினாங்குக்குக் கப்பலில் போகிறார்கள் என்றார்.

"கப்பல்லயா?" என்றாள் ராக்காயி ஆசையாக. "அடடா, அதைப் பாக்காம வந்துட்டோமே!"

அடுத்த படத்தில் சறுக்கக் கூடாது என்று பாய் முடிவு செய்தார். குதிரைப் படம். அதில் அழுகை இல்லை, கண்ணும் போகாது. ஒரே குளம்புச் சத்தம், வாள் சத்தம். ஊரே கொண்டாடிய படம். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். ஒரே பிரதியைப் பீடோங்கிலும் பக்கத்து ஊரான திகாம் பத்துவிலும் ஒரே நாளில் ஓட்டினார்கள். அங்கே ஒரு சுருள் ஓடி முடிந்ததும் ராமையா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்து வருவான். இங்கே அது ஓடும்போது அடுத்த சுருளுக்குப் போவான். வீரசாமிக்காகப் படம் நில்லாமல் ஓட வேண்டும் என்று பாய்க்கு ஆசை. அதனால் ராமையாவுக்குத் தெம்பு ஏற்றினார். ஆட்டுக்கறியும் நெய்ச்சோறுமாக வயிறு முட்டப் போட்டார்.

தெம்பு ஏறவில்லை, தூக்கம் ஏறியது. திகாம் பத்துக் கொட்டகை நிழலில் கண்ணசந்துவிட்ட ராமையா, அலறி எழுந்து, கைக்கு அகப்பட்ட பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அது கடைசிச் சுருள்.

திரையில் இளவரசனுக்கு முடி சூட்டிக் கல்யாணமும் ஆயிற்று. வில்லன் மலையிலிருந்து உருண்டு செத்தான். விளக்குப் போட்டார்கள். பிறகு மறுபடி விளக்கை அணைத்தார்கள். செத்த வில்லன் மீசையை முறுக்கிக்கொண்டு குதிரையில் வந்தான். கல்யாணம் ஆன பெண் கன்னி மாடத்தில் அழுதாள்.

"டேய், செத்தவன் எப்படிடா வர்றான்?"

"அவனோட அண்ணனா இருப்பான்."

"அப்ப இவ ஏன் இன்னும் பொண்ணு பாக்குற எடத்துல நிக்கிறா?"

"ரெண்டாந்தாரம்டா, பேசாம பாரு!"

பின்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பாய் அவமானத்தில் குறுகிப்போய் வீரசாமியைப் பார்த்தார். அவனோ இதெல்லாம் காதில் விழாதவன் போல மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

"என்னா தெரியுது, சொல்லு ராக்கா. எனக்கு மங்கலா இருக்கு."

"குதிரை வருதுய்யா. வெள்ளைக் குதிரை. வால்ல பூ கட்டியிருக்காங்க."

"பூ என்னா நெறம்?"

"படத்துல ஏது நெறம்? எல்லாம் கறுப்பும் வெள்ளையுந்தான்."

"நீயா ஒண்ணு வச்சுக்க."

ராக்காயி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப செகப்பு. செம்பருத்தி மாதிரி."

"நல்லாப் பாத்து வச்சுக்க" என்றான் வீரசாமி. அவன் குரல் என்னவோ செய்தது. பாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். இப்படி மனைவியின் கண்ணால் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டானே!

வெளியே வந்து நின்றபோது தூரத்தில் ஏதோ ஒரு வண்டி புழுதி கிளப்பியது. "அலோர் ஸ்டார் பஸ் வருது, ஓரமா நில்லு" என்று வீரசாமி ராக்காயியை இழுத்துக்கொண்டான். பாவம், சத்தத்தை வைத்தே பஸ்ஸை அடையாளம் பிடிக்கப் பழகிவிட்டான் என்று பாய் நினைத்துக்கொண்டார். காதால் வாழ்கிறவனின் கஷ்டம் காதால் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும்.

"வீரசாமி, உள்ளதைச் சொல்லுங்க. வேற என்னதான் பாக்கணும்னு ஆசை உங்களுக்கு?"

வீரசாமி தலையைச் சொறிந்தான். "நான் கப்பல்ல வந்தவன் பாய், எல்லாம் பாத்துட்டேன். இவ தோட்டத்துலயே பொறந்தவ. கடலையே பாத்ததில்ல. தஞ்சோங் டாவாய்க் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போலாம்னா, ஞாயித்துக்கெழம லாரி திரும்பறதுக்குள்ள வந்து சேர முடியாது. கேட்டைப் பூட்டிட்டா பதில் சொல்ல முடியுமா? அவ பாக்க... நானும் பாக்க, கடல் வர்ற படம் ஏதாச்சும் இருக்கா?"

பாயின் முகம் மலர்ந்தது.

இருந்தது! அவருடைய உயிரான படம். ஊரில் யாருக்கும் பிடிக்காத படம். ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போன படம். அது ஓடியபோது கடையில் ஆள் இல்லை, கொட்டகையிலும் ஆள் இல்லை. பலகைக்கு இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் கடல். பேச்சே கிடையாது. 'ஓ'வென்ற இரைச்சல் மட்டும் வெகுநேரம், ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. நடுவே ஒரு பெண் மெதுவாக முனகிப் பாடுவாள். பாய் அன்று பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் பலகையில் காதை வைத்து நின்றார். அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் கடைசியாக அதையும் சேர்த்துச் சொல்வார். "கடல் படம்னு ஒண்ணு இருக்கு. வந்தா விட்டுறாதே." ஒருவரும் சட்டை செய்ததில்லை.

"முழுசும் கடல்தான் தங்கச்சி" என்றார் ராக்காயியிடம். "பாத்து முடிச்சா புடவை நனைஞ்சிருக்கும்."

அந்தப் பெட்டி சுங்கைப்பட்டாணியில் எங்கோ தூசியடைந்து கிடந்தது. தவுக்கே முகம் கோணினான். "அந்தப் படத்துக்கு ஈ கூட வராது, பாய். நீ போன தடவை என் கொட்டகையையே காலி பண்ணினவன்." நோன்பு மாதம் வரைக்கும் தினமும் மதியம் அவனுக்கு மீன் தலைக் கறி என்று பேச்சு முடிந்தது. பகல் ஆட்டத்துக்கு முன்னால், காலையில், ஆள் இல்லாத கொட்டகையில் ஓட்டிக்கொள்ளலாம்.

அந்த ஞாயிறு பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கடைக்கு லீவு. ராக்காயியும் நல்ல சேலை கட்டிப் பூ வைத்திருந்தாள். கொட்டகைப் படியில் வீரசாமியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். கணவனை எவ்வளவு கவனமாக அழைத்து வருகிறாள் என்று பாய் நெகிழ்ந்தார்.

படம் தொடங்கியது. பாய் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து, இன்று கண்ணை மூடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

ஒரு பெண் வாசல் பெருக்கினாள். தண்ணீர் இறைத்தாள். வரப்பில் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள்.

"கடல் எப்ப பாய்?" என்றான் வீரசாமி.

"வரும். பொறுங்க."

அந்தப் பெண் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். பிறகு முனகிப் பாடினாள். பாய் நிமிர்ந்தார். இதுதான்! இந்தப் பாட்டுத்தான்! இதோ இப்போது இரைச்சல் எழும்.

எழவில்லை. பாட்டுக்குப் பின்னால் வெறும் அமைதி. மேலே தகரக் கூரையில் ஒரு காக்கை தத்தி நடக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பாய் அண்ணாந்து அந்தத் தகரத்தைப் பார்த்தார். ஓட்டை வழியாகச் சுள்ளென்று வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அந்தப் படம் ஓடியது அடைமழைக் காலம். அன்று கொட்டகையில் ஆள் இல்லாததற்கும் அதுதான் காரணம். ஓவென்று இரைந்தது கடல் இல்லை. தகரத்தில் விழுந்த மழை.

இந்தப் படத்தில் கடலே கிடையாது.

எழுந்து ஓடிவிடலாமா என்று பாய் பார்த்தார். கத்திக் கலைக்க இன்று தோட்டத்து ஆட்கள்கூட இல்லை. திரையில் காற்று வீசியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு நெல் வயல், கதிரெல்லாம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து அசைந்தது.

"ராக்கா!" வீரசாமி திடீரென்று கூவினான். "வந்துருச்சு! கடல்! பாத்தியா? எம்மாம் பெரிசுன்னு பாரு!"

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. வயலுக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு இவனுக்குப் பார்வை போய்விட்டதா?

"ஆமாய்யா" என்றாள் ராக்காயி. குரலில் அப்படி ஒரு வியப்பு. "அப்பாடி! எவ்வளவு தண்ணி!"

"ஆடுது பாரு, அதான் அலை. எந்திரிச்சு எந்திரிச்சு வரும்."

"கரை எங்கய்யா?"

"கரை இல்ல. அதான் கடலு. நான் வந்தப்ப நாள் கணக்கா இப்படியேதான் இருந்துச்சு. பயந்துட்டேன். நீ பயப்படாத. நான் இருக்கேன்ல?"

"எனக்கென்ன பயம்? அழகாத்தான் இருக்கு."

பாய் குலுங்கிக் குலுங்கி அழுதார். கால்கள் எப்போதோ நழுவித் தரையில் பதிந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண்ணீருக்கு நடுவே பக்கவாட்டில் பார்த்தபோதுதான் அவருக்கு எரிச்சலும் சேர்ந்து வந்தது. வீரசாமி திரையைப் பார்க்கவே இல்லை. உடம்பை முழுக்கத் திருப்பி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மீன் தலைக் கறிக்கு வாக்குக் கொடுத்து, ஊரெல்லாம் அலைந்து, கடைக்கு லீவு விட்டு ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டால், மனிதன் திரையைப் பார்க்க வேண்டாமா?

படம் முடிந்தது. விளக்கு வந்ததும் வீரசாமி விறுவிறுவென்று எழுந்தான். "இங்கேயே இரு ராக்கா. ராமையா தனியாப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எறங்குறான், ஒரு கை புடிச்சுட்டு வந்துர்றேன்" என்று வெளியே போனான்.

பாய் ராக்காயியின் அருகில் வந்து உட்கார்ந்தார். மனசு கேட்கவில்லை.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரும்மா. அதுல கடலே இல்ல. அது வெறும் நெல்லு வயலு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு மனசு நோகக் கூடாதுன்னுதானே நீயும் கடலுன்னு சொன்னே?"

விளக்கு எரிந்த பிறகும் ராக்காயி திரை இருந்த பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

"ஆனா எனக்கு ஒரு ஆத்தாமை" என்றார் பாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கண்ணு போறதுக்குள்ள பாக்கணும்னு வந்த மனுசன், படத்தைப் பாக்காம உம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"வயலா அது?" என்று கேட்டாள் ராக்காயி. கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தாள். வாசல் பக்கம் வீரசாமியின் குரல் கேட்கிறதா என்று கொஞ்சம் காது கொடுத்தாள். பிறகு கையை நீட்டித் துழாவி, பாயின் சட்டைக் கையைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டு சொன்னாள்:

"கண்ணு போகப்போறது எனக்குத்தான்னு எங்கிட்ட மறைக்கத்தான் பாய் அண்ணே, அவரு தனக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு, எங் கண்ணு போன வாரமே போயிருச்சுன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிப்புடாதீங்க."